வண்டலூரில் பிறந்த வண்டிக்கு என்ன விலை?

நெமிலிச்சேரி என்றதும் சென்னைக்காரர்கள் பலருக்குக் குரோம்பேட்டையை ஒட்டிய ஊர்தான் நினைவுக்கு வரும். இது வேறு நெமிலிச்சேரி. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையில், அரக்கோணம் ரயில் பாதையில் ஒரு சின்ன நிலையம். அதன் அருகே இரண்டு பெரிய சாலைகள் குறுக்கிடுகின்றன. ஒன்று, பாடியில் புறப்பட்டு அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோடு. இன்னொன்று, வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடியும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. அந்தச் சாலையை இரண்டு கட்டமாகப் போட்டார்கள். வண்டலூரிலிருந்து வந்த முதல் கட்டம் நெமிலிச்சேரியில் நின்றது. மீஞ்சூருக்கான இரண்டாம் கட்டம் அங்கிருந்து கிளம்பியது.

சென்னைக் கார்களின் கதையைச் சொல்ல இதைவிடத் தோதான சந்திப்பு அமையாது. வெளிவட்டச் சாலையில் தெற்கே போனால், தென்னிந்தியாவின் சொந்தக் காரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிறந்த வண்டலூர். சி.டி.எச். ரோட்டில் கிழக்கே போனால், 1960-களின் தொடக்கத்தில் அடுத்தடுத்து எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று ஒரு காரின் பாதி உறுப்புகளைச் செய்த பாடி. அதற்கு முன்பே டன்லப் டயர் செய்த அம்பத்தூர். மேற்கே போனால், 1998-ல் மிட்சுபிஷி லேன்சர் வெளிவந்த, திருவள்ளூரை அடுத்த அதிகத்தூர். இந்தத் தொழிற்சாலைகளிலும் ஆவடியின் ராணுவத் தளவாட ஆலைகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினார்கள். கிணறு, இரண்டு தென்னை, ஓரமாக ஒரு ஷெட். அந்த ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி நின்றால், அது பெரும்பாலும் அப்பாவின் வண்டி; சில வீடுகளில் தாத்தாவின் வண்டி.

அப்பா போன பிறகு அந்த வண்டியைக் கேட்டு ஆள் வருவார். முதலில் வருபவர் பழைய இரும்புக்காரர். "ஓடாத வண்டிம்மா. எடைக்குத்தான் போகும். எடத்த அடச்சிக்கிட்டு எதுக்கு வச்சிருக்கீங்க?" கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் வருவார். தார்ப்பாயைத் தூக்கி, நம்பர் பிளேட்டைப் பார்த்து, பானெட்டுக்குள் குனிந்து ஒரு தகட்டைத் துடைத்துப் படிப்பார். விலை பேசமாட்டார். "புக் இருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

இரும்புக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தராசு ஒன்றுதான். இரண்டாமவர் ஏன் முதலில் புத்தகத்தைக் கேட்டார் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஊரில் காருக்கு விலை வைத்த முறை எப்படி மாறி வந்தது என்று பார்க்க வேண்டும்.

மெட்ராஸில் கார் தொழில் குதிரை வண்டியிலிருந்து முளைத்தது. 1840-ல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் கோச்சு வண்டிகள் செய்து பேரெடுத்தது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியால் ஓடும் ஒரு காரைச் செய்து ஓட்டினார். அன்றைக்குக் கார் என்பது துரைமார், ஜமீன்தார், பெரும் ஒப்பந்ததாரர் வீட்டுச் சொத்து. கைமாறினாலும் அதே வட்டத்துக்குள் மாறும், பேச்சுதான் விலை. பிறகு அமெரிக்க நிறுவனங்கள் இந்தியாவுக்கே வந்து, பெட்டிகளில் பாகங்களை இறக்கி இங்கே பூட்டி விற்றன. 1953-ல் சுங்கவரி ஆணையம் ஒரு முடிவைச் சொன்னது: இந்தியாவில் பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் நிறுவனங்கள் மூட்டை கட்ட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் கிளம்பியது, ஃபோர்டு கிளம்பியது. எண்ணூரில் 1949 முதல் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், லாரிப் பக்கம் திரும்பி 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

இதனால்தான் 1950-களின் நடுவுக்கு முந்தைய செவர்லே, பியூக், டாட்ஜ், ஆஸ்டின் வண்டிகள் ஒரு தனி வகுப்பாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின் இந்தியச் சாலைக்கு மூன்றே மூன்று குடும்பங்கள்தாம். கல்கத்தா உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடர், பம்பாயிலிருந்து வந்த பிரீமியர் ஃபியட், மெட்ராஸின் ஸ்டாண்டர்டு.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கைகோத்து 1948-ல் உருவானது. முதலில் வேன்கார்டு, அடுத்து ஸ்டாண்டர்டு எய்ட், டென் என்று வரிசையாக வந்து, 1961-ல் ஹெரால்டு இறங்கியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சி.சி. எஞ்சின், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் முன்சக்கரங்கள். மயிலாப்பூர்ச் சந்துகளில் ஓட்டியவர்களுக்கு அந்த 25 அடியின் அருமை தெரியும். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, வாய் பிளப்பதுபோல் முன்னோக்கிக் கவிழும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம்.

இந்த வண்டியின் கட்டுமானத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. விலை பேசும் இடத்தில் அது நேரடியாக உதவும். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டுக்கு உடல் தகடு செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-ல் வாங்கிக்கொண்டது. உடலை ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லாமல் போகவே, தனிச் சேஸிஸ் மீது தனித்தனித் துண்டுகளாகப் போல்ட் போட்டு முடுக்கும் முறைக்கு ஹெரால்டு போனது. அந்த நெருக்கடியில் பிறந்த அமைப்புதான் இன்றைக்கு வாரிசுகளுக்குக் கைகொடுக்கிறது. ஒரு பக்கம் துருப்பிடித்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றலாம். இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் 1959 முதல் 1971 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி என்பதால், பிரேக், கிளட்ச், எஞ்சின் சாமான்கள் அங்கே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

ஒன்று மட்டும் கிடைக்காது. 1968-ல் வண்டலூர் ஒரு துணிச்சலான காரியம் செய்தது: நான்கு கதவு ஹெரால்டு. இங்கிலாந்தில் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவுதான். நான்கு கதவு வண்டி இந்தியாவுக்கே உரியது, மெட்ராஸ்காரர்கள் செய்தது. ஆகவே அதன் பின்கதவுக்கு உலகில் வேறெங்கும் மாற்றுக் கிடையாது. பின்கதவு நசுங்காமல் நிற்கும் ஒரு நான்கு கதவு வண்டியைப் பார்த்து 'கதவு தானே' என்று சொல்பவருக்கு அந்த வண்டியைத் தெரியாது என்று பொருள்.

ஹெரால்டு ஓடிய காலத்தில் விலையின் இலக்கணமே தலைகீழாக இருந்தது. காருக்கு முன்பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் ஓடும் பழைய வண்டி, பட்டியலில் இருக்கும் புதுவண்டியைவிட அதிக விலைக்குப் போனது. அந்த லாபத்தைத் தடுக்கவே 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை வந்தது. புதுக் காரை வாங்கிய கையோடு அனுமதியில்லாமல் விற்க முடியாது. 1969-ல் அரசே கார்களின் விலையை நிர்ணயித்தது. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். நியாயமான விலை எது என்று கணக்கிட ஒரு குழு உட்கார்ந்தது. ஒரு அம்பாசடரோ ஹெரால்டோ என்ன பெறும் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் விவாதித்த காலம் அது. அந்த நாளில் கார் வைத்திருந்த வீடுகளில் அலாட்மென்ட் கடிதம், ரசீது, இன்ஷூரன்ஸ் சீட்டு எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தியதற்குக் காரணம் இதுதான். பத்திரத்தை வைப்பதுபோல் வைத்தார்கள். பெரியவர்களின் அந்தப் பழக்கம் எத்தனை பெரிய உபகாரம் என்பது இப்போது தெரிகிறது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும் இன்னொரு பழக்கம் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது. மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின் பூட்டிய அம்பாசடர்கள் தமிழ்நாடு முழுக்க ஓடின. அன்றைக்கு அது புத்திசாலித்தனம்; வண்டியின் விலையைக்கூட ஏற்றியது. இன்றைக்கு அதே மாற்றம் விலையை இறக்கும்.

பிறகு 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, சுமார் 50,000 ரூபாய்க்கு. வரிசையில் காத்திருந்த காலம் முடியத் தொடங்கியது. ஹெரால்டுக்குப் பின் கெஜல் என்ற பெயரில் 1970-களில் ஓடிய வண்டி அதற்குள் நின்றிருந்தது. ஸ்டாண்டர்டு கடைசி முயற்சியாக 1985-ல் ரோவரின் அழகான உடலில் தன் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினைப் பூட்டி ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றுப் பார்த்தது; 1988-ல் ஆலை மூடியது. இங்கிலாந்தில் 1963-லேயே கார்களிலிருந்து மறைந்துவிட்ட ஸ்டாண்டர்டு என்ற பெயரை மேலும் கால் நூற்றாண்டு உயிரோடு வைத்திருந்தது வண்டலூர். அதன் பிறகு ஹெரால்டுகள் புதுப்பேட்டைக்குப் போயின. காரைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்பதில் புதுப்பேட்டைத் தெருக்களுக்கு இணை கிடையாது. வருவதைப் பிரித்தார்கள், ஒரு தலைமுறையின் வண்டிகள் டைனமோவாகவும் ரேடியேட்டராகவும் கதவுக் கைப்பிடியாகவும் சிதறின. மிஞ்சியவற்றுக்கு இன்று மதிப்பு வந்ததற்கு அந்தச் சிதறலும் ஒரு காரணம்.

சரி, ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு வருவோம். அது பழைய வண்டியா, பழமை வாய்ந்த வண்டியா?

இதற்கு ஒரே பதில் இல்லை. கேட்கும் அலுவலகத்தைப் பொறுத்துப் பதில் மாறும். இந்திய மோட்டார் காப்பீட்டு விதித்தொகுப்பில் வின்டேஜ் என்றால் 1940 முடிவதற்குள் செய்த கார். மும்பையைச் சேர்ந்த வின்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்றளிக்க வேண்டும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் எல்லைக்கோடு 1950. பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.ஏ.வுக்கு முப்பது ஆண்டு போதும், அசலாகப் பராமரித்து அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாமல் இருந்தால். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த வின்டேஜ் வாகன விதிகளுக்கு முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வாடகைக்கு ஓடிய வண்டியாக இருக்கக் கூடாது. ஆக, 1968 ஹெரால்டு ஓர் அலுவலகத்தில் வின்டேஜ், இன்னோர் அலுவலகத்தில் வெறும் பழைய கார்.

இவற்றில் 2021 விதிதான் வாரிசுக்கு நேரடியாகப் பயன்படுவது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவிலுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துள்ள எண். கண்காட்சி, பேரணி, எரிபொருள், பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது. விற்றால் 90 நாளுக்குள் இரு தரப்பும் போக்குவரத்துத் துறைக்குச் சொல்ல வேண்டும். இவற்றைவிட முக்கியமான வரி ஒன்று அந்த விதியில் உண்டு: சேஸிஸோ, உடலோ, எஞ்சினோ பெரிய அளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. டீசல் எஞ்சின் ஏற்றிய வண்டி இங்கேதான் தடுக்கி விழுகிறது.

இரண்டாவதாக வந்தவர் தகட்டைத் துடைத்துப் படித்தது அதனால்தான். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புக்கில் இருப்பதோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் அது ஒரு கார். பொருந்தாவிட்டால் பல கார்களின் உறுப்புகள் சேர்ந்த ஒரு பொருள். எம் என்ற எழுத்தில் தொடங்கும் பழைய மெட்ராஸ் பதிவெண் இன்னும் உயிரோடு இருந்தால் அதற்கே ஒரு மரியாதை உண்டு. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் இருபது ஆண்டு கழித்துத்தான் இது ஞாபகம் வருகிறது. வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்துப் பெயரை மாற்றிய பிறகு வாங்க வருபவரிடம் பேசுவதற்கும், அதற்கு முன் பேசுவதற்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கும். புத்தகம் சரியில்லாத வண்டியை வாங்குபவர் தனக்கு வரப்போகும் அலைச்சலையும் விலையிலேயே கழித்துக்கொள்வார்.

உடம்பைப் பார்க்க ஒரு காந்தம் போதும். துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில், மட்கார்டின் வளைவில் வைத்தால், தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் நழுவும். ஹெரால்டில் சேஸிஸின் பக்கக் கைகளையும் பின்பக்கத்தையும் படுத்துப் பார்க்க வேண்டும். கடற்காற்று படும் வீடுகளில் நின்ற வண்டிகளைவிட நெமிலிச்சேரிப் பக்கம் நின்றவை இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவை; ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டியா என்று கதவின் உள்பலகையும் சீட்டின் அடியும் சொல்லிவிடும். எஞ்சின் நீண்ட நாள் நின்றிருந்தால் பேட்டரியைப் பூட்டி உடனே ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் ஒரு சாவித் திருப்பலில் உடையும் பிஸ்டன் ரிங்கின் விலை, விற்பவர் தலையில்தான் விழும்.

இதற்கெல்லாம் மேல் ஒரு தவறு உண்டு; நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் இன்னும் வருத்தமானது. விற்பதற்கு முன் வண்டியை 'பளிச்' என்று ஆக்குவது. டிங்கரிங் செய்து, மின்னும் சிவப்பு பெயின்ட் அடித்து, பழைய சீட்டைக் கிழித்து ரெக்சின் போட்டு, குரோம் தொப்பிகளைக் கழற்றிவிட்டு அலாய் வீல் மாட்டி நிறுத்துவார்கள். செலவு ஒரு லட்சம் தாண்டும். தெரிந்தவர் வந்து பார்த்தால், ஆலையில் அடித்த நிறம் எது என்று தேடுவார். பானெட்டின் அடியில் ஒரு விரற்கடை அளவு பழைய பெயின்ட் மிச்சமிருந்தால் அதையே வெகுநேரம் பார்ப்பார். மங்கிப்போன அசல் நிறமும் வெடித்த அசல் சீட்டும் ஒரு முறைதான் இருக்கும். கழற்றிப் போட்ட பின் எந்தப் பணத்துக்கும் திரும்பாது. தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், எலிக்கூட்டை எடுங்கள், படம் பிடியுங்கள், அதோடு நிறுத்துங்கள் என்பதுதான் இந்தத் துறையில் பழுத்தவர்கள் சொல்வது.

அச்சிட்ட விலைப்பட்டியல் இந்தியாவில் இந்த வண்டிகளுக்கு இல்லை. காப்பீட்டுக் கணக்கும் உதவாது. புதுக் காருக்கு ஆண்டுதோறும் தேய்மானம் கழித்து ஐந்தாம் ஆண்டில் பாதி விலைக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு மேல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகைதான். எனவே மதிப்பைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்: அதே மாடல் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம், மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்பு நடத்தும் பேரணிக்கு வருபவர்களிடம், வாங்கும் எண்ணமில்லாத ஒரு பழைய மெக்கானிக்கிடம். வடபழனியில் 2023 மே மாதம் திறந்த ஏ.வி.எம். அருங்காட்சியகத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பழைய கார்கள் நிற்கின்றன, கோவையில் ஜி.டி. நாயுடு பெயரோடு சேர்ந்த ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. தன் வீட்டு வண்டி முழுமையான நிலையில் எப்படி இருக்கும் என்று ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவது, எதெது காணவில்லை என்று பட்டியல் போட உதவும்.

யாருடைய வண்டி என்பதும் விலையில் சேரும். தி.நகர் நினைவு இல்லத்தில் நிற்கும் எம்.ஜி.ஆரின் அம்பாசடர், 4777 என்ற எண்ணைத் தவிர ஊரெல்லாம் ஓடிய அம்பாசடர்தான்; அதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. அத்தனை புகழ் வேண்டாம். சோழவரம் விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களில் மாற்றியமைத்த ஹெரால்டுகள் ஓடிய காலம் உண்டு. அங்கே ஓடியதற்கு ஒரு புகைப்படமோ, ஒரு டாக்டரின் வண்டியாக முப்பது ஆண்டு ஒரே கையில் இருந்ததற்குச் சர்வீஸ் பில்களோ இருந்தால் அதுவே சான்று. வாய்வார்த்தையாகச் சொல்வது கதை. காகிதத்தோடு சொல்வது மதிப்பு.

விற்ற பிறகு வரும் கேள்வியையும் முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது என்பது பொதுவான விதி. மும்பையில் ஒருவர் 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு டூரரைப் பின்னாளில் 21 லட்சத்துக்கு விற்றார். சொந்த உபயோகத்துக்கான பொருள் என்றார். அவர் அதை ஓட்டியதற்கும் பராமரித்ததற்கும் ஆதாரம் இல்லை என்று வருமான வரித்துறை சொன்னது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2025-ல் மும்பை உயர் நீதிமன்றம் வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. ஷெட்டில் சும்மா நின்ற வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர்க் கோயில்வரை போய்வந்த வண்டிக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு உண்டு. பெட்ரோல் ரசீதுகூட ஒருநாள் பேசும்.

சி.டி.எச். ரோட்டில் மேற்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் அதிகத்தூர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே பூட்டிய முதல் லேன்சர்களுக்கு 2028-ல் முப்பது வயது ஆகும், எஃப்.ஐ.வி.ஏ. கணக்கில் அவை வரலாற்று வண்டி ஆகத் தகுதி பெறும். அந்த லேன்சர்களில் சில இப்போதே திருநின்றவூர், நெமிலிச்சேரி வீடுகளின் ஓரத்தில் தார்ப்பாயின் கீழ் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. அவற்றின் ஆர்.சி. புக்குகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று கேட்டு வைத்துக்கொள்ள, வாங்கியவர்கள் பெரும்பாலோர் இன்னும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.